முடிவே இல்லாத விளையாட்டு... அடக்கவே கூடாத வேகங்கள்!

அந்தப் பையனுக்கு அப்போது 16 வயசு. பெயர் வேண்டாம். 2024ஆம் வருஷம், பள்ளிக்கூடம் திறந்த கையோடு ஜூன் மாதம், ஏற்காடு ஒண்டிக்கடை பக்கத்தில் இருக்கும் என் கிளினிக்குக்கு அவனை அவன் அம்மா அழைத்து வந்தார்.

"டாக்டர் சார், பையனுக்கு ஒரே தலைவலிங்க. மூணு நாளைக்கு ஒருக்காத்தான் வெளிக்குப் போறான். ராத்திரியில தூக்கமே கெடையாது. கண்ணைப் பாருங்க, எப்படிச் செவந்து கெடக்குதுன்னு..."

நாடி பார்த்தேன். நாக்கை நீட்டச் சொன்னேன். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, வேறு பெரிய கோளாறு எதுவும் இல்லை. கேட்ட கேள்விக்கு அரைப் பேச்சாகப் பதில் சொன்னான். பாதி வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிடும். கண் சிவப்பு, தலைக் கனம், அரைப் பேச்சு. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் சித்த வைத்தியம் படித்தவனுக்கு முதலில் என்ன தோன்றும் தெரியுமா? 'இவன் தூக்கத்தை அடக்குகிறான்' என்றுதான்.

"ராத்திரி என்ன பண்ணுவே கண்ணு?" என்று கேட்டேன்.

"டாக்சி ஓட்டுவேன் சார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அப்பா ஒண்டிக்கடையில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர். பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி என்று வெளியூர்க்காரர்களைச் சுற்றிக் காட்டுகிற தொழில். லைசென்ஸ் வாங்கும் வயசு வராத பையன் அந்தக் காரை எடுத்துக்கொண்டு போகிறானோ என்று பயந்தே போனேன். அம்மாதான் விளக்கினார். பையன் ஓட்டுவது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற டாக்சியாம்! 'ஜி.டி.ஏ.' என்று ஒரு வீடியோ கேம். அதில் ஒரு முழு நகரம். ராத்திரி 11 மணியிலிருந்து விடியற்காலை 4 மணி வரை அந்த நகரத்தில் சவாரி ஏற்றி இறக்குகிறான்.

நான் யோசிக்கவே இல்லை. "கம்ப்யூட்டரை எடுத்துப் பூட்டி வையுங்க. எல்லாம் ஒரு வாரத்துல சரியாயிடும்" என்று சொல்லி, மலச்சிக்கலுக்குத் திரிபலா சூரணமும் கொடுத்து அனுப்பினேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை அவன் அப்பா என் வீட்டுக் கதவைத் தட்டினார். ராத்திரி பையனைக் காணோம். ஏரிப் பக்கமெல்லாம் தேடியிருக்கிறார்கள். ஏரி என்றதும் அந்தத் தாய் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கடைசியில் ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பிலேயே, ஸ்வெட்டர் கூட இல்லாமல் குளிரில் சுருண்டு உட்கார்ந்திருந்தான். சேலத்துக்குக் கீழே இறங்கும் முதல் பஸ்ஸுக்காகக் காத்திருந்தானாம். அங்கே போய் யாராவது சிநேகிதன் வீட்டில் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர் கேட்கலாம் என்று எண்ணம்.

என் வைத்தியம் தப்பு. எந்த இடத்தில் தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதம் ஆயிற்று. அதைத்தான் உங்களிடம் சொல்ல வருகிறேன். ஏனென்றால் இந்த மாதிரி விளையாட்டுகள் இனிமேல் குறையப்போவதில்லை. பெரிதாகிக்கொண்டே போகப் போகின்றன.

'திறந்த உலகம்' என்றால் என்ன?

நம் காலத்து வீடியோ கேம் ஞாபகம் இருக்கிறதா? டி.வி. பெட்டியில் சொருகி விளையாடும் மரியோ. இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் ஓட வேண்டும். கொடிக்கம்பம் வந்தால் அந்தக் கட்டம் முடிந்தது. மூன்று உயிர் போனால் ஆட்டம் முடிந்தது. ஆக, எப்படி ஆடினாலும் ஒரு முடிவு உண்டு.

2001ஆம் ஆண்டு அக்டோபரில் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' மூன்றாம் பாகம் வந்தது. அடுத்த வருஷமே 'வைஸ் சிட்டி'. நம் ஊர் பிரௌசிங் சென்டர்களில் பையன்கள் வரிசையில் நின்று விளையாடியது இதைத்தான். இதில் ஒரு நகரத்தையே கொடுத்துவிடுகிறார்கள். எந்தத் தெருவிலும் போகலாம், எந்தக் காரிலும் ஏறலாம். கதைப்படி ஒரு வேலை செய்யலாம். செய்யாமல் சும்மா கடற்கரையில் சுற்றவும் செய்யலாம். இதற்குத்தான் ஆங்கிலத்தில் 'ஓப்பன் வேர்ல்ட்' என்று பெயர். திறந்த உலகம். அடிதடி, துப்பாக்கிச் சண்டை, துரத்தல் எல்லாம் அதற்குள்ளேயே நடக்கும். 2013ல் வந்த ஐந்தாம் பாகம் உலகம் முழுக்க 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது.

நம் பையன் விளையாடியது இந்த ஐந்தாம் பாகத்திலேயே இன்னொரு வகை. முன்பின் தெரியாத பல பேர் இன்டர்நெட் வழியாக ஒரே நகரத்தில் கூடி, ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தர் போலீஸ், ஒருத்தர் டாக்டர், ஒருத்தர் மெக்கானிக். மைக் வைத்துத் தமிழிலேயே பேசிக்கொள்கிறார்கள். பார்க்கப்போனால் நம் ஊர் தெருக்கூத்துதான். விடிய விடிய நடக்கும். வெளி ஆட்கள் உண்டாக்கிய இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது என்றால், அதை நடத்திய குழுவையே 2023 ஆகஸ்டில் ஜி.டி.ஏ. தயாரிக்கும் ராக்ஸ்டார் கம்பெனி வாங்கிக்கொண்டது.

பிரௌசிங் சென்டர் காலத்தில் ஒரு நல்லது இருந்தது. மணி ஆனால் கடைக்காரர் வந்து தோளைத் தட்டுவார். "தம்பி, டைம் முடிஞ்சிருச்சு, எழுந்திரு!" விளையாட்டுக்கு முடிவு இல்லாவிட்டாலும் கடைக்கு முடிவு இருந்தது. இப்போது அந்தக் கடைக்காரர் இல்லை. வீட்டிலேயே நகரம் இருக்கிறது, 24 மணி நேரமும்.

நானே உட்கார்ந்து பார்த்தேன்

பஸ் ஸ்டாப் சம்பவத்துக்குப் பிறகு பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆமாம், கேட்டேன். "எனக்கு அதை ஒரு தடவை காட்டு, பார்க்கிறேன்" என்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுக்கே போனேன். அவன் அம்மா டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

முதல் பத்து நிமிஷம் எனக்குத் தலை சுற்றியது. (அதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால்.) பிறகு பழகிவிட்டது. கீழே மூலையில் சின்ன மேப். அதில் அங்கங்கே அடையாளப் புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் போனால் இன்னொன்று தென்படும். இதை முடித்துவிடலாம் என்று நினைத்தால் வழியில் வேறொன்று கூப்பிடும். 'இன்னும் ஒண்ணே ஒண்ணு...' என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். வீடியோ கேம் ஆடும்போது மூளையில் டோபமின் என்ற பொருள் சுரப்பதை லண்டன் ஹேமர்ஸ்மித் ஆஸ்பத்திரி மருத்துவர்கள் 1998லேயே படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். கிடைத்த சந்தோஷத்தைவிட, 'அடுத்து ஏதோ கிடைக்கப் போகிறது' என்ற எதிர்பார்ப்புக்குத்தான் இந்தச் சுரப்பில் வேலை அதிகம்.

கடைசியில் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம் ஓடிப்போயிருந்தது! காப்பி ஆடை கட்டிக் கிடந்தது. அதைவிட வெட்கமான விஷயம்... எழுந்து நின்ற பிறகுதான் எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டிருப்பதே தெரிந்தது. ஐம்பது வயசைத் தாண்டியவன், சாதாரணமாக மணிக்கொரு தரம் எழுந்து போகிறவன் நான்!

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

14 வேகங்கள்

பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் இது. உடம்புக்கு 14 வேகங்கள் உண்டு. வேகம் என்றால் ஓட்டம் அல்ல. உடம்பு தானாக எழுப்புகிற உந்துதல். கீழ்க்காற்று, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், சுக்கிலம், மூச்சு. இவற்றை அடக்கக் கூடாது. அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் இன்னின்ன நோய் வரும் என்று சித்தர் நூல்களில் வரிசையாகச் சொல்லியிருக்கிறது. சிறுநீரை அடக்கினால் நீரடைப்பு, எரிச்சல், மூட்டுகளில் வலி. தூக்கத்தை அடக்கினால் முதலில் சொன்னேனே... தலைக் கனம், கண் சிவப்பு, அரைப் பேச்சு.

பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தபோது 'யாராவது வேண்டுமென்று பசியையும் தூக்கத்தையும் அடக்குவார்களா?' என்று நாங்கள் சிரித்ததுண்டு. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பிள்ளை ராத்திரி நாலு மணி நேரம் இந்த விளையாட்டில் உட்கார்ந்தால் எத்தனை வேகங்களை அடக்குகிறான்? பசி, தாகம், சிறுநீர், மலம், கொட்டாவி, தூக்கம் என்று ஆறு ஆயிற்று. கண்ணீரையும் சேர்ப்பேன். நூல்களில் சொல்லியிருப்பது அழுகையைப் பற்றி. நான் இமைக்காமல் பார்ப்பதற்கு நீட்டிக்கொள்கிறேன், ஆசிரியர்கள் மன்னிக்கட்டும். சாதாரணமாக நிமிஷத்துக்கு 15 தடவைக்கு மேல் இமைக்கிற நாம், திரையை உற்றுப் பார்க்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. கண்ணில் ஈரம் காய்ந்து, மணல் விழுந்தது மாதிரி உறுத்துவது அதனால்தான்.

உட்கார்ந்தே கிடப்பதையும் லேசாக நினைக்காதீர்கள். நியூசிலாந்தில் ஒரு 32 வயசு ஆள் கம்ப்யூட்டர் முன்னால் நாள் கணக்கில் நெடுநேரம் உட்கார்ந்தே இருந்ததில், காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய் உயிர் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. 2003ல் அந்த ஊர் மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். அவர் பார்த்தது ஆபீஸ் வேலையோ விளையாட்டோ, காலுக்கு வித்தியாசம் தெரியாது.

ஆக, பையன் கெட்டவன் இல்லை, சோம்பேறியும் இல்லை. வெளியிலிருந்து நிறுத்துகிற கடைக்காரர் போய்விட்டார். உள்ளேயிருந்து நிறுத்துகிற வேகங்களை அவன் அடக்கப் பழகிவிட்டான். இரண்டு மணியும் அடிக்காத வீட்டில் நான் போய்க் கம்ப்யூட்டரை மட்டும் பிடுங்கச் சொன்னேன். அங்கே அவனுக்குச் சவாரி காத்திருக்கிறது, சிநேகிதர்கள் காத்திருக்கிறார்கள். பாதி ராத்திரியில் பஸ் ஸ்டாப்புக்கு ஓடாமல் என்ன செய்வான்?

கொண்டை ஊசியும் கம்ப்யூட்டரும்

தலை சுற்றல் விஷயத்துக்கு வருகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. பஸ்ஸில் வருகிற குழந்தைகள் பாதி வழியிலேயே வாந்தி எடுப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். காரணம் இதுதான்: உடம்பு ஆடுகிறது, வளைகிறது என்று காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்கிறது. ஆனால் பஸ்ஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண், 'எல்லாம் அசையாமல்தானே இருக்கிறது' என்கிறது. இரண்டு சாட்சியும் முரண்பட்டால் மூளை குழம்பி, குமட்டலை உண்டாக்குகிறது.

கேமில் இது அப்படியே தலைகீழ். கண் 'பறக்கிறேன்' என்கிறது. காது 'நாற்காலியில்தானே இருக்கிறாய்' என்கிறது. நோய் அதே நோய்! பஸ்ஸில் வரும்போது தூரத்து மலையைப் பார்க்கச் சொல்வோம் அல்லவா? இங்கேயும் அதே வைத்தியம்தான். திரையைவிட்டு ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்க்க வேண்டும், அறையில் விளக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், திரையிலிருந்து தள்ளி உட்கார வேண்டும். சின்னத் துண்டு இஞ்சியை மெல்லலாம். குமட்டல் இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அதுவும் ஒரு வேகத்தை அடக்குவதுதான். கண்ணில் பெட்டி மாட்டிக்கொண்டு ஆடும் வகை பரவினால் இந்தத் தொல்லை இன்னும் அதிகமாகும்.

மூளைக்கு நல்லதா, கெட்டதா?

"டாக்டர், இதெல்லாம் மூளைக்கு நல்லதுன்னு ஆராய்ச்சி சொல்லுதே?" என்று படித்த அப்பாக்கள் கேட்கிறார்கள். சொல்வது உண்மைதான். ஆனால் முழுசாகக் கேளுங்கள்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் 2015ல் ஒரு ஆய்வு. கேம் பழக்கமில்லாத கல்லூரி மாணவர்களை, சுற்றித் திரிந்து தேடும்படியான முப்பரிமாண மரியோ விளையாட்டை ஆடச் சொன்னார்கள். தினமும் அரை மணி, இரண்டு வாரம். அவர்களுடைய ஞாபக சக்திச் சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது. மூளைக்குள் கடற்குதிரை வடிவத்தில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி இருக்கிறது. வழியையும் ஞாபகத்தையும் பார்த்துக்கொள்கிற இடம். அதற்கு நல்ல பயிற்சி என்றார்கள்.

கனடாவில் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2017ல் வெளியிட்டது வேறு மாதிரி. அங்கே 90 மணி நேரம் துப்பாக்கிச் சண்டை கேம் ஆட விட்டார்கள். சுற்றியிருக்கும் அடையாளங்களைப் பார்த்து, மனசுக்குள் வரைபடம் போட்டு வழி கண்டுபிடிக்கிறவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்தது. பழக்க தோஷத்தில் 'இங்கே வலது, அங்கே இடது' என்று போகிறவர்களுக்கு அதே பகுதி குறுகியது. ஒரே விளையாட்டு, இரண்டு விதப் பலன்!

அப்படியானால் அரை மணியா, அஞ்சு மணியா என்பது ஒரு கேள்வி. எப்படி ஆடுகிறான் என்பது இன்னொரு கேள்வி. பல கேம்களில் போக வேண்டிய வழியை மேப்பில் கோடு போட்டே காட்டிவிடும். நம் ஒண்டிக்கடையில் நின்று பாருங்கள். முன்பெல்லாம் சுற்றுலாக்காரர்கள் இறங்கி, டீ குடித்துக்கொண்டே "சேர்வராயன் கோயிலுக்கு எந்த ரோடுங்க?" என்று கேட்பார்கள். இப்போது போனைப் பார்த்துக்கொண்டே தப்பான ரோட்டில் போகிறார்கள். நம் பையனை அந்தக் கோட்டை அணைத்துவிட்டு ஓட்டச் சொன்னேன். "அதெல்லாம் நான் போடறதே இல்ல சார், எல்லாத் தெருவும் மனப்பாடம்" என்றான். அப்பனுக்குத் தப்பாத பிள்ளை.

இனிமேல் என்ன வரப் போகிறது?

ஜி.டி.ஏ. ஆறாம் பாகத்தின் முதல் முன்னோட்டம் 2023 டிசம்பரில் வந்தது. தேதி இரண்டு தடவை தள்ளிப்போய், 2026 நவம்பர் 19 என்று 2025ல் அறிவித்தார்கள். இந்த வரிசைக்கு வெளிநாடுகளில் அட்டையிலேயே 18 வயசு, 17 வயசு என்று எல்லை போட்டிருக்கிறார்கள். நம் வீடுகளில் அந்த அட்டையை யாரும் படிப்பதில்லை. தயவுசெய்து படியுங்கள்.

இந்தியாவிலும் முயற்சி நடக்கிறது. 'மும்பை கல்லீஸ்' என்று மும்பைத் தெருக்களையே திறந்த உலகமாக்கும் ஒரு விளையாட்டை 2020ல் அறிவித்தார்கள். நாளைக்கு ஏற்காட்டு ஏரியும் ஒண்டிக்கடையும்கூட யாராவது வரைந்துவிடலாம்.

ஆனால் எனக்குக் கவலை தருவது இவையல்ல. 2016ல் 'நோ மேன்ஸ் ஸ்கை' என்று ஒன்று வந்தது. கிரகங்களை ஆட்கள் வரையவில்லை. கணக்குச் சூத்திரமே உண்டாக்கிவிடுகிறது. எத்தனை கிரகம் என்கிறீர்கள்? 18 என்று எழுதி அதற்குப் பின்னால் 18 சைபர் போடுங்கள்! 2025 ஆகஸ்டில் கூகுள் கம்பெனியின் ஆய்வுப் பிரிவு 'ஜீனி 3' என்ற செயற்கை அறிவைக் காட்டியது. ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் போதும். நீங்கள் நடக்க நடக்க எதிரே உலகத்தை வரைந்துகொண்டே போகும். சில நிமிஷங்கள்தான் தாங்குகிறது. சில நிமிஷம் சில மணியாக எத்தனை நாள் ஆகும்? விளையாட்டுக்குள் வருகிற பொம்மை மனிதர்களை, கேட்ட கேள்விக்கு ஏற்றபடி தானாகப் பேச வைக்கும் வேலையும் நடக்கிறது.

இதுவரை ஒரு சின்னப் பாதுகாப்பு இருந்தது. எவ்வளவு பெரிய நகரமாக இருந்தாலும் ஒருநாள் எல்லாத் தெருவும் பார்த்தாகிவிடும், சலித்துப்போகும். சலிப்பும் ஒரு மணிதான். இனி வரும் உலகங்களில் அந்த மணியும் அடிக்காது.

எல்லா கேமும் இப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தைப் பற்றி 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு 2023ல் வந்தது. டொரன்டோவில் உள்ள ஒரு சிறிய குழு செய்தது. அம்மாவின் கிழிந்துபோன சமையல் குறிப்பைப் பார்த்து இட்லி வார்ப்பதில் ஆரம்பிக்கும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். 2024ல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. முடிகிற விளையாட்டு! வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஆடலாம்.

தடை போட்டால் தீருமா?

பப்ஜியை மத்திய அரசு 2020 செப்டம்பரில் தடை செய்தது. பிள்ளைகள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022 பிப்ரவரியில் அதற்கும் தடை. அதன் இன்னொரு வடிவத்துக்குத் தாவினார்கள். காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியது நல்ல காரியம். ஆனால் நாம் பேசுகிற வகை அதில் வராது. தென்கொரியாவில் 16 வயசுக்குக் கீழே உள்ளவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆன்லைனில் ஆடக் கூடாது என்று 2011ல் சட்டம் போட்டு, பத்து வருஷம் கழித்து எடுத்துவிட்டார்கள். சீனாவில் 2021 முதல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் ராத்திரி 8லிருந்து 9 வரை மட்டும் என்று கண்டிப்பு. சட்டம் எதுவானாலும் ராத்திரி 11 மணிக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கப்போவது நீங்கள்தான்.

நாங்கள் என்ன செய்தோம்?

பையனையே கேட்டேன். "கண்ணு, உன் அப்பா எப்ப வண்டியை நிறுத்துவாரு?" "சவாரி முடிஞ்சா நிறுத்துவாரு." "நீ?" யோசித்தான். "நானும் டூட்டி அவுட் போட்டுக்கலாம் சார். அங்க அப்படி ஒரு பட்டன் இருக்கு." நாங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டான், அவன் வாயிலிருந்தே வந்தது. பள்ளி நாளில் சாயங்காலம் 7லிருந்து 8, லீவு நாளில் இரண்டு மணி நேரம். மணி பார்த்து பாதியில் பிடுங்குவதில்லை. கையில் இருக்கும் சவாரியை இறக்கிவிட்டு எழுந்திருப்பது. பாதியில் பிடுங்கினால்தான் சண்டை வருகிறது என்பதை நானே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தபோது புரிந்துகொண்டேன்.

இரண்டாவது ஏற்பாடு என்னுடையது. உட்காரும்போது ஒரு பெரிய சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். எப்படியும் ஒரு மணி நேரத்தில் மூத்திரம் வரும். வந்தால் அந்த நிமிஷமே எழுந்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. காசில்லாத அலாரம்! கொட்டாவி இரண்டு வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். சாப்பாடு கம்ப்யூட்டர் மேஜைக்குப் போகாது. பசித்தால் அவன் சமையல்கட்டுக்கு வர வேண்டும்.

கம்ப்யூட்டர் அவன் அறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. வயசு எல்லையை மீறித்தான் ஆடுகிறான் என்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. அப்பாவுக்கும் இல்லை. ஆனால் ஒரேயடியாக நிறுத்தி ஏரிக்கரையில் தேடியவர்கள் நாங்கள். அதனால் அப்பா கூட உட்காருவது என்று முடிவாயிற்று. முதல் நாளே அவர், "என்னடா ஹேண்ட் பிரேக் போடாம எறங்கறே?" என்று ஆரம்பித்துவிட்டாராம்.

தூக்கம் திரும்ப மூன்று வாரம் பிடித்தது. பகலில் தூங்க விடவில்லை. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்து, வெயில் ஏறின பிறகு வெந்நீரில் தலைக்குக் குளியல். மலச்சிக்கலுக்குச் சூரணத்தைவிடத் தண்ணீரும், நேரத்துக்கு எழுந்ததும்தான் வேலை செய்தது என்பது என் அபிப்பிராயம்.

"வல்லாரை லேகியம் கொடுத்தா கேம் மறந்துடுமா?"

பல தாய்மார்கள் கேட்கிற கேள்வி. மறக்காது. கேம் பழக்கத்தை மாற்றுகிற லேகியமோ பஸ்பமோ சித்த வைத்தியத்தில் கிடையாது. இருப்பதாகச் சொல்லி விற்றால் வாங்காதீர்கள்.

எல்லாப் பிள்ளைகளும் நோயாளிகள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 'விளையாட்டுக் கோளாறு' 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. எப்போது ஆரம்பிப்பது, எப்போது நிறுத்துவது என்பதில் கட்டுப்பாடு போய்விட வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே பெரிதாகிவிட வேண்டும். கெடுதல் தெரிந்தும் தொடர வேண்டும். படிப்பு, குடும்பம், பழக்கவழக்கம் எல்லாம் பாழாகி, சாதாரணமாக 12 மாதம் இப்படியே நீடித்தால்தான் அந்தப் பெயர். பரீட்சை லீவில் பத்து நாள் ஆடினதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

ஆனால் பிள்ளை பேச்சையே நிறுத்திவிட்டால், கை நீட்டினால், 'செத்துப்போயிடுவேன்' என்று ஒரு தடவை சொன்னால்கூட, 12 மாதம் காத்திருக்காதீர்கள். என்னைப் போன்ற வைத்தியரிடமும் வராதீர்கள். நேராக மனநல மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குப் போன் போட்டால் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பெங்களூர் நிமான்ஸில் இதற்கென்றே 2014 முதல் தனி கிளினிக் நடக்கிறது. திரையில் வெளிச்சம் விட்டு விட்டு மின்னும்போது பிள்ளை வெறித்துப் பார்த்தாலோ, கை கால் வெட்டினாலோ வலிப்பு மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள்.

நம் பையன் போன மாதம் சளிக்காக வந்திருந்தான். கண்ணில் சிவப்பு இல்லை. இன்னும் ஆடுகிறான், சில வாரம் ஏற்பாடு மீறிப்போகிறது, அம்மா சத்தம் போடுகிறார், மறுபடி சரியாகிறது. "ஆறாம் பாகம் வரும்போது எனக்கு 18 ஆயிடும் சார். அப்ப வயசு சொல்லித் தடுக்க முடியாது" என்று சிரித்தான்.

"அதுக்கு எவ்வளவு பெரிய சொம்பு வேணும்னு அப்ப பாத்துக்கலாம்" என்றேன்.